டெஸ் தரவில் 2.5 நாள் பள்ளம்தான் வருகிறது, 6.27 நாள் கோளைக் காணோம்

பாலாற்றங்கரை, ஆம்பூர்:

எல்லோருக்கும் வணக்கம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், தோலின் தரம் பார்க்கும் பிரிவில் 12 வருடமாக இருக்கிறேன். படித்தது பி.காம். ரிப்போர்ட்டுகளை எக்செல்லில் போட்டுக்கொண்டே இருந்ததில், இதை இன்னும் சுலபமாகச் செய்யலாமே என்று இரண்டு வருடத்துக்கு முன் பைத்தான் கற்றுக்கொண்டேன். வானியலுக்குப் புதியவள். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை குடும்பத்தோடு காவலூர் வானாய்வகத்துக்குப் போனோம். வாணியம்பாடியில் இறங்கி, ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினோம். பொதுமக்களுக்கென்று வைத்திருந்த சின்னத் தொலைநோக்கியில் ஓரியன் நெபுலாவைக் காட்டினார்கள். என் மகன் அதைவிட்டு நகரவே இல்லை. எனக்கு மனதில் நின்றது வேறு. வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று ஒருவர் கேட்டார். விளக்கம் சொன்னவர், கோள் நட்சத்திரத்துக்குக் குறுக்கே போகும்போது வெளிச்சம் கொஞ்சம் குறையும், அந்தக் குறைவை, அதாவது ஒளியில் விழும் பள்ளத்தைத்தான் தேடுகிறார்கள் என்றார். நம் சூரியனுக்குக் குறுக்கே வியாழன் போனால் 100-இல் 1 பங்கு குறையும். பூமி போனால் 10,000-இல் 1 பங்குகூட இல்லை.

எனக்கு உடனே புரிந்தது. நான் தினமும் செய்வதும் அதுதான். ஒரு முழுத் தோலை விளக்கடியில் விரித்து, உண்ணி கடித்த இடம், கீறல், அம்மைத் தழும்பு என்று தடவிப் பார்த்துத் தேடுவேன். பெரிய பரப்பு, சின்னக் குறை.

வீட்டுக்கு வந்து தேடினால், நாசாவின் டெஸ் விண்கலம் 2018 ஜூலையிலிருந்து எடுத்த தரவு முழுக்க இலவசமாகவே கிடக்கிறது. லைட்கர்வ் என்ற பைத்தான் தொகுப்பு இருந்தால் நாலு வரியில் இறக்கிவிடலாம். இரவு 10 மணிக்கு மேல், வீடு அடங்கிய பிறகு உட்காருவேன்.

முதலில் தெரிந்த கோள் ஒன்றைக் கண்டுபிடித்துப் பழக வேண்டும் என்று பை மென்சே என்ற நட்சத்திரத்தை எடுத்தேன். டெஸ் முதன்முதலில் கண்டுபிடித்த கோள் இதைத்தான் சுற்றுகிறது. சுற்றுக்காலம் 6.27 நாள். பூமியைப் போல சுமார் 2 மடங்கு அகலம். இந்த நட்சத்திரம் வானத்தின் தென் துருவத்துக்கு 10 டிகிரிக்குள் இருக்கிறது, அதனால் நம் ஊரில் அது உதிப்பதே இல்லை. ஆம்பூரில் மொட்டை மாடியில் நின்று ஆயுளுக்கும் பார்க்க முடியாத நட்சத்திரத்தை, அதே வீட்டின் சமையலறை மேசையில் வைத்துப் பார்க்கிறேன் என்பது இன்னும் எனக்கு ஆச்சரியம்தான்.

இப்போது பிரச்சினை. டெஸ்ஸின் முதல் செக்டார் (வானத்தின் ஒரு பகுதியைச் சுமார் 27 நாள் தொடர்ந்து பார்க்கும் தவணை), 2018 ஜூலை 25 முதல் ஆகஸ்ட் 22 வரை எடுத்த தரவு, 2 நிமிடத்துக்கு ஒரு புள்ளி. மெதுவான ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்திவிட்டு, ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் பள்ளத்தைத் தேடும் பி.எல்.எஸ். என்ற முறையை ஓட்டினேன். 6.27 நாளில் ஒன்றுமே இல்லை. 2.5 நாளில் மட்டும் கோபுரம் போல ஒரு உச்சம் நிற்கிறது. 2.5 நாள் கோள் ஒன்று அங்கே இருப்பதாக எங்கேயும் படிக்கவில்லை. மூன்று வாரமாக எண்களை மாற்றி மாற்றிப் பார்க்கிறேன், அது அசையவே மாட்டேன் என்கிறது.

நான் எங்கே தவறுகிறேன்? இந்த 2.5 நாள் என்ன?


வேலூர்க் கோட்டை:

வணக்கம் அக்கா. பி.எல்.எஸ். 2002-இல் வந்த முறை, பழசு. இப்போது நியூரல் நெட்வொர்க்தான். 2017-இல் கெப்ளர்-90 ஐ என்ற கோளையே அப்படித்தான் கண்டுபிடித்தார்கள். அதன் நிரல்கூட வெளியில் கிடைக்கிறது. அதை முயன்று பாருங்களேன்.


காட்பாடி ஜங்ஷன்:

அம்மா, நல்ல இடத்தில் தொடங்கியிருக்கிறீர்கள். தெரிந்த கோளை வைத்துப் பழகுவதுதான் சரி. பதில் சொல்வதற்கு முன் நான்கு விவரம் வேண்டும். தரவை இறக்கும்போது குவாலிட்டி பிட்மாஸ்க், அதாவது கெட்ட புள்ளிகளை விலக்கும் அமைப்பு, என்ன கொடுத்தீர்கள்? சமப்படுத்தும் ஃப்ளாட்டன் கட்டளையில் விண்டோ லெங்த், அதாவது ஒரு தடவைக்கு எடுக்கும் புள்ளிகள், எவ்வளவு? விலகிய புள்ளிகளை வெட்டினீர்களா? பி.எல்.எஸ்.-இல் என்னென்ன சுற்றுக்காலங்களைத் தேடச் சொன்னீர்கள்?


பாலாற்றங்கரை:

சார், பார்த்துச் சொல்கிறேன். குவாலிட்டி பிட்மாஸ்க்கை வேண்டாம் என்று வைத்தேன். எந்தப் புள்ளியையும் இழந்துவிடக் கூடாது என்ற எண்ணம். ஃப்ளாட்டனில் எதையும் மாற்றவில்லை, அதுவே வைத்திருக்கும் 101. மேலும் கீழும் 3 சிக்மா, அதாவது வழக்கமான சிதறலைப் போல 3 மடங்கு, தாண்டியதை வெட்டினேன். சுற்றுக்காலம் 1 முதல் 15 நாள் வரை, சம இடைவெளியில் 1,000 எண்கள்.


காட்பாடி ஜங்ஷன்:

நன்றி அம்மா. நீங்கள் சொன்ன நான்கிலுமே விஷயம் இருக்கிறது. நான் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். இதே பள்ளங்களில் நானும் விழுந்து எழுந்ததால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த 2.5 நாள். டெஸ் ஒரே திசையைப் பார்த்து நிற்பதற்கு, உள்ளே சுழலும் சக்கரங்களை வைத்துத்தான் தன்னை நிலைநிறுத்துகிறது. சூரிய ஒளி விண்கலத்தின் மேல் இடைவிடாமல் அழுத்துகிறது. அந்த அழுத்தத்தை ஈடுகட்ட சக்கரங்களின் வேகம் மாறிக்கொண்டே போகும். அது ஒரு எல்லையை எட்டும் முன், சின்ன உந்துபொறிகளை இயக்கி, சேர்ந்ததை இறக்கிவிட வேண்டும். அந்தச் சில நிமிடங்கள் விண்கலம் ஒரு ஆட்டம் ஆடும். நட்சத்திரம் தன் பிக்சலை விட்டு விலகும், ஒளி குறைந்தது போலப் பதிவாகும். முதல் செக்டாரில் இதை 2.5 நாளுக்கு ஒரு முறை செய்தார்கள். உங்கள் உச்சம் அதுதான். அது விண்கலத்தின் நாடித்துடிப்பு, கோள் இல்லை.

அந்தக் கெட்ட நிமிடங்களைத் தரவு தயாரித்தவர்களே குறித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் குறிப்புதான் குவாலிட்டி எண். அதை நீங்கள் வேண்டாம் என்று சொன்னதால் எல்லாம் உள்ளே வந்துவிட்டது. இயல்பாக உள்ள அமைப்பையே விட்டுவிடுங்கள். இன்னொன்றும் இருக்கிறது. இதே செக்டாரில், டெஸ் தரவில் வரும் நாள் கணக்கில் 1347 முதல் 1349 வரை விண்கலத்தின் குறி சரியாக நிற்கவில்லை. அந்த இரண்டு நாளைக் கையாலேயே வெட்டிவிடுங்கள். பயப்பட வேண்டாம், உங்கள் கோள் அந்த நேரத்தில் கடக்கவில்லை.

அடுத்தது 101. இதுதான் பெரிய விஷயம், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். 101 புள்ளி, புள்ளிக்கு 2 நிமிடம், ஆக 202 நிமிடம். 3 மணி 22 நிமிடம். பை மென்சே கோள் நட்சத்திரத்தைக் கடக்க சுமார் 3 மணி நேரம் எடுக்கிறது. ஃப்ளாட்டன் என்ன செய்கிறது? ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் 101 புள்ளியை எடுத்து, அதன் மேல் ஒரு மெல்லிய வளைவைப் பொருத்தி, அதுதான் நட்சத்திரத்தின் மெதுவான ஏற்ற இறக்கம் என்று முடிவு செய்து, தரவை அதனால் வகுக்கிறது. கடப்பின் நடுவில் நிற்கும்போது அந்த 101 புள்ளியில் 90 புள்ளி பள்ளத்துக்குள்தான் இருக்கும். அதற்குப் பள்ளம் என்றே தெரியாது, தரை இவ்வளவுதான் என்று நினைக்கும். வகுத்ததும் பள்ளம் நிரம்பிவிடும். கோள் தொலைந்தது பி.எல்.எஸ்.-இல் இல்லை, அதற்கு முந்தின வரியிலேயே தொலைந்துவிட்டது.

கடப்பு நேரத்தைப் போல 3 மடங்கு விண்டோ போதும் என்று நிறைய இடத்தில் படிப்பீர்கள். அது பைவெயிட் போன்ற வடிகட்டிகளுக்குப் பொருந்தும். வோட்டன் என்ற தொகுப்பில் அது இருக்கிறது. லைட்கர்வில் உள்ள ஃப்ளாட்டன் சாவிட்ஸ்கி-கோலே வடிகட்டி. அதற்கு 3 மடங்கு போதாது. 271 புள்ளி வைத்தால்கூட உங்கள் 3 மணி நேரப் பள்ளத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போய்விடும். ஒரு நாள், அதாவது 721 புள்ளி வைத்துப் பாருங்கள். அப்போதும் கால் பங்குக்குச் சற்று மேல் இழப்பீர்கள், ஆனால் கண்டுபிடிக்கப் போதும். விண்டோ எண் ஒற்றைப்படையாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, 3 சிக்மா வெட்டு. இந்தக் கோளின் பள்ளம் பத்து லட்சத்தில் 300 பங்கு. ஒரு தனிப் புள்ளியின் சிதறலோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இல்லை. கீழ்ப்பக்கம் 3 சிக்மாவில் வெட்டினால், கடப்புக்குள் இருக்கும் புள்ளிகளில் தாழ்ந்தவற்றை மட்டும் பொறுக்கி எறிகிறீர்கள். மேல்பக்கம் மட்டும் வெட்டுங்கள். கோள் எப்போதும் கீழ்ப்பக்கம்தான் வரும்.

நான்காவது, தேடும் எண்கள். 1 முதல் 15 வரை 1,000 எண் என்றால் இடைவெளி 20 நிமிடம். உண்மையான சுற்றுக்காலம் உங்கள் எண்ணிலிருந்து 10 நிமிடம் வரை விலகியிருக்கலாம். 6.27 நாள் கோளுக்கு முதல் கடப்பிலிருந்து ஐந்தாவது கடப்புக்குள் அது 40 நிமிடப் பிசகு. தாங்கும். ஒரு நாள் சுற்றுக்காலமுள்ள கோளுக்கோ 27 சுற்று, 270 நிமிடப் பிசகு. தரவைச் சுற்றுக்கு ஒரு துண்டாக ஒன்றன் மேல் ஒன்றாக மடித்துப் போடும்போது பள்ளங்கள் ஒரே இடத்தில் விழாமல் கலைந்துவிடும். அதனால் சுற்றுக்காலத்தைச் சமமாகப் பிரிக்காமல், அதன் தலைகீழ் எண்ணை, அதாவது அதிர்வெண்ணைச் சமமாகப் பிரிக்க வேண்டும். எண்ணிக்கையும் 10,000-க்கு மேல் வையுங்கள். 27 நாள் தரவில் 15 நாள் கோளைத் தேடுவதில் பயன் இல்லை, 13-இல் நிறுத்தலாம். கடப்பு நேரமாக 0.05, 0.1, 0.15 நாள் என்று மூன்றையும் கொடுங்கள்.

இவ்வளவும் செய்வதற்கு முன் ஒரு சோதனை. உங்கள் தரவில் நீங்களே ஒரு பொய்ப் பள்ளம் தோண்டுங்கள். 4.1 நாளுக்கு ஒரு முறை, 3 மணி நேரம், ஒளியை 0.9997-ஆல் பெருக்குங்கள். பிறகு 101 வைத்தும், 721 வைத்தும் சமப்படுத்தி, மடித்து, வரைந்து பாருங்கள். நான் சொல்வதை நம்ப வேண்டாம், உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடுவீர்கள்.

கோட்டைத் தம்பிக்கு ஒரு வார்த்தை. அந்த 2017 வேலையில் கெப்ளர் என்ற விண்வெளித் தொலைநோக்கி எடுத்த 670 நட்சத்திரங்களின் தரவைத் தேடினார்கள். முதலில் பி.எல்.எஸ். போன்ற தேடல்தான் பள்ளங்களைப் பொறுக்கிக் கொடுத்தது. அவற்றில் எது கோள் போல, எது இல்லை என்று பிரித்ததுதான் நெட்வொர்க். சமப்படுத்தும் இடத்திலேயே கோள் காணாமல் போயிருந்தால் எந்த நெட்வொர்க்குக்கும் பார்க்க ஒன்றும் இருக்காது, தம்பி.


வேலூர்க் கோட்டை:

சரி சார், அந்த வரிசை எனக்குத் தெரியாது. நன்றி. அக்கா, ஒரு சின்ன உதவி. பி.எல்.எஸ். பள்ளத்தைப் பெட்டி வடிவமாக எடுத்துக்கொள்ளும். நட்சத்திரத்தின் ஓரம் நடுவைவிட மங்கல் என்பதால் உண்மையான பள்ளம் அடியில் வளைந்த கிண்ணம் போல இருக்கும். அந்த வடிவத்தை வைத்தே தேடுவது டி.எல்.எஸ்., 2019-இல் வந்தது. சின்னக் கோள்களுக்கு நல்லது. ஆனால் நேரம் எடுக்கும், என் பழைய லேப்டாப்பில் ஓடவிட்டுச் சாப்பிடப் போய்விடுவேன்.


பாலாற்றங்கரை:

காட்பாடி சார், கிடைத்துவிட்டது.

உங்கள் பதிலை இரண்டு முறை படித்துவிட்டு, நேராகக் கோளைத் தேடாமல் அந்தப் பொய்ப் பள்ளத்தை முதலில் தோண்டினேன். 4.1 நாளுக்கு ஒன்று. 101 வைத்துச் சமப்படுத்தி மடித்துப் பார்த்தால், பள்ளம் இருக்க வேண்டிய இடத்தில் நடுப்பகுதி நிரம்பி, சொல்லப்போனால் கொஞ்சம் மேடாகவே ஆகியிருந்தது. இரண்டு ஓரத்தில் மட்டும் சின்னதாகப் பல் போல நீட்டிக்கொண்டு நின்றது. நானே வெட்டிய பள்ளம் சார், இருக்கும் இடம் எனக்குத் தெரியும், அங்கேயே இல்லை. அந்த நேரத்தில் மனசு என்னவோ போல ஆகிவிட்டது. மூன்று வாரமாக ஒவ்வொரு இரவும் நான் கோளை அழித்துவிட்டுத்தான் அதைத் தேடியிருக்கிறேன்.

721-க்கு மாற்றியதும் பள்ளம் பள்ளமாகவே நின்றது. 300 போட்டதில் சுமார் 220 மிஞ்சியது. நீங்கள் சொன்ன கால் பங்குக்குச் சற்று மேல் இழப்பு, அப்படியே.

பிறகு பொய்ப் பள்ளத்தை எடுத்துவிட்டு, குவாலிட்டி எண்ணை இயல்புக்கு மாற்றி, 1347 முதல் 1349 வரை வெட்டி, மேல்பக்கம் மட்டும் கத்தரித்து, அதிர்வெண்ணைச் சமமாகப் பிரித்து ஓட்டினேன். நடுவில் கரண்ட் போனது, வந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓட்டினேன். இரவு 12:40. உச்சம் 6.27-இல் நின்றது. 2.5-இல் ஒன்றுமில்லை. வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள், எழுப்பிச் சொல்ல வேண்டும் போல இருந்தது. காலையில் மகனிடம் காட்டினேன்.

அந்த 2.5 நாள் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் விளக்கியதும் எனக்கு எங்கள் வேலைதான் ஞாபகம் வந்தது. ஒரு முறை ஃபினிஷிங் முடிந்து வந்த தோல்களில் சின்னச் சின்னப் புள்ளிகள் இருந்தன. புதிதாகச் சேர்ந்த பெண் அதை உண்ணிக் கடி என்று எழுதிவிட்டாள். எங்கள் சூப்பர்வைசர் அக்கா அளவு நாடாவை எடுத்து ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு அளந்தார். அடுத்த தோலிலும் அளந்தார். எல்லாத் தோலிலும் ஒரே இடைவெளி. உண்ணி அப்படி அளந்து கடிக்காது. ரோலரில் ஏதோ ஒட்டியிருக்கிறது, ரோலர் ஒரு சுற்று சுற்றும்போது ஒரு புள்ளி விழுகிறது என்றார். துடைத்ததும் நின்றுவிட்டது. இது தெரிந்த நான், 2.5 என்ற எண்ணைப் பார்த்ததும் வேறு நட்சத்திரத்தின் தரவிலும் அதே 2.5 வருகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். இப்போது பார்த்தேன். அதே செக்டாரில் இன்னும் மூன்று நட்சத்திரம் எடுத்து, குவாலிட்டி எண் இல்லாமல் ஓட்டினேன். மூன்றிலும் 2.5 வருகிறது.

இரண்டு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. ஒன்று, எனக்கு ஆழம் 215 பங்குதான் வருகிறது, 300 வரவில்லை. அந்தக் கால் பங்கை எப்படித் திரும்பப் பெறுவது? இரண்டு, ஆசையில் வேறொரு நட்சத்திரத்தையும் ஓட்டிப் பார்த்தேன். 1.9 நாளில் அழகான பள்ளம், 100-இல் 2 பங்கு ஆழம். ஆனால் ஒன்று விட்டு ஒன்று கொஞ்சம் ஆழம் குறைகிறது. இது என்ன?


காட்பாடி ஜங்ஷன்:

மிகவும் சந்தோஷம் அம்மா. மற்ற நட்சத்திரங்களிலும் 2.5-ஐத் தேடிப் பார்த்தீர்களே, அதை நான் சொல்ல மறந்துவிட்டேன். ஒரே செக்டாரில் பல நட்சத்திரத்தில் ஒரே சுற்றுக்காலம் வந்தால் அது கருவியின் வேலைதான். உங்கள் சூப்பர்வைசருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

ஆழத்துக்கு வழி சுலபம். இப்போது உங்களுக்குச் சுற்றுக்காலமும், கடப்பு நடக்கும் நேரமும் தெரியும். அந்த நேரங்களை மாஸ்க்காகக் கொடுத்து, ஃப்ளாட்டனை இன்னொரு முறை ஓட்டுங்கள். அது பள்ளத்துக்கு வெளியே உள்ள புள்ளிகளை மட்டும் பார்த்து வளைவைப் பொருத்தும், பள்ளத்தைத் தொடாது. இரண்டு சுற்று வேலை, எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். முதல் கடப்பு, தரவு தொடங்கிய சில மணி நேரத்திலேயே, நாள் எண் 1325.5 பக்கத்தில் வருகிறது. அங்கே வடிகட்டி ஓரத்தில் தடுமாறும், அதை மட்டும் சேர்க்காமல் ஆழத்தை அளந்து பாருங்கள். பிறகு அந்த எண்ணின் வர்க்கமூலத்தை எடுங்கள். 0.0003-க்கு 0.017 வரும். நட்சத்திரம் சூரியனைவிடச் சற்றுப் பெரியது, 1.1 மடங்கு, அதாவது பூமியைப் போல 120 மடங்கு. 120-ஐ 0.017-ஆல் பெருக்கினால் 2. உங்கள் சமையலறை மேசையில் ஒரு கோளின் அளவை அளந்துவிட்டீர்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அது பெரும்பாலும் கோள் இல்லை. ஒன்றை ஒன்று சுற்றும் இரண்டு நட்சத்திரங்கள், மாறி மாறி மறைக்கின்றன. பெரியதைச் சின்னது மறைத்தால் ஒரு ஆழம், சின்னது பின்னால் போனால் இன்னொரு ஆழம். உண்மையான சுற்றுக்காலம் 3.8 நாளாக இருக்கும், பி.எல்.எஸ். அதைப் பாதியாக எடுத்துக்கொண்டது. ஒற்றைப்படைப் பள்ளங்களையும் இரட்டைப்படைப் பள்ளங்களையும் தனித்தனியாக வரைந்து பாருங்கள். பள்ளத்தின் அடி தட்டையாக இல்லாமல் ஆங்கில வி எழுத்துப் போல இருக்கிறதா என்றும் பாருங்கள். டெஸ்ஸின் ஒரு பிக்சல் வானத்தில் 21 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில் 3,600-இல் 1 பங்குதான் ஒரு ஆர்க்செகண்ட்). அதற்குள் பக்கத்து நட்சத்திரமும் வந்துவிடும். பள்ளம் பக்கத்து வீட்டுக்காரருடையதாகக்கூட இருக்கலாம். கோள் என்று சொல்வதற்கு முன் இந்த மூன்றையும் நான் ஒரு நாளும் விட்டதில்லை.


மலையடிவாரம், ஆலங்காயம்:

படித்துக்கொண்டே வந்தேன், எங்கள் மலையைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போகிறது என்று உலகம் முழுக்கக் காத்திருந்தார்கள். காவலூரில் 1972-இல் வைத்த 1 மீட்டர் தொலைநோக்கியிலும் பார்த்தார்கள். யுரேனஸ் நட்சத்திரத்தை நெருங்கும் முன்பே நட்சத்திரத்தின் ஒளி ஒரு கணம் குறைந்தது. ஜே.சி. பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அதை நேச்சர் இதழில் யுரேனஸின் ஒரு புதிய துணைக்கோள் என்று எழுதினார்கள். அது வளையம் என்று பின்னால் தெளிவானது. பறக்கும் வானாய்வகத்திலிருந்து பார்த்த அமெரிக்கக் குழு, யுரேனஸின் இரண்டு பக்கமும் பள்ளங்கள் சமச்சீராக வந்ததை வைத்து வளையம் என்று சொன்னது. பள்ளம் உண்மை, காவலூரில் விழுந்ததும் உண்மை. அக்கா, நீங்கள் இப்போது செய்வதும் அதே வேலைதான். எங்கள் பக்கம் வந்துபோன ஒருவர் இதைச் செய்கிறார் என்பதில் எனக்குப் பெருமை.


பாலாற்றங்கரை:

தம்பியோ அண்ணாவோ, நன்றி. அன்றைக்கு அந்த மலையில் நின்றபோது இது தெரியாது. அடுத்த முறை மகனுக்கு அந்த 1 மீட்டர் தொலைநோக்கி இருக்கும் கட்டடத்தைக் காட்டிச் சொல்வேன்.

காட்பாடி சார், மாஸ்க் போட்டு இரண்டாவது சுற்று ஓட்டியாயிற்று. ஆழம் 295 வந்தது. அந்த 1.9 நாள் நட்சத்திரத்தை 3.8-இல் மடித்தால் இரண்டு பள்ளமும் தனித்தனியாக நிற்கின்றன, இரண்டும் வி வடிவம்தான். அதை நோட்டில் இரட்டை நட்சத்திரம் என்று எழுதிவிட்டேன்.

ஒரே ஒரு கேள்வி. விண்கலத் தரவு இல்லாமல், நம் ஊரிலிருந்து, நம் கண் முன்னால் ஒரு கடப்பைப் பதிவு செய்ய முடியுமா? நீங்கள் செய்ததுண்டா?


காட்பாடி ஜங்ஷன்:

முடியும் அம்மா. என்னிடம் 8 அங்குலத் தொலைநோக்கியும் ஒரு சி.சி.டி. கேமராவும் இருக்கின்றன. ஆழமான பள்ளமாக எடுத்துக்கொள்ள வேண்டும். எச்.டி. 189733 பி, சுற்றுக்காலம் 2.2 நாள், ஆழம் 100-இல் 2-க்கும் மேல். நல்ல கோள், ஆனால் அது மாலையில் உயரத்தில் நிற்கும் மாதங்களில் நமக்கு மேகம். போன வருடம் மழைக்கு நடுவே ஒரே ஒரு இரவு முழுதாகக் கிடைத்தது.

ஜனவரி, பிப்ரவரியில் வாஸ்ப்-12 பி பார்க்கலாம். சுற்றுக்காலம் 1.09 நாள், ஆழம் 100-இல் 1.4 பங்கு, கடப்பு 3 மணி நேரம். நட்சத்திரம் மங்கல்தான், ஆனால் வானம் தெளிவாக இருக்கும். இந்தக் கோள் தன் நட்சத்திரத்தை நோக்கிச் சுருண்டு போய்க்கொண்டிருக்கிறது. சுற்றுக்காலம் வருடத்துக்குச் சுமார் 29 மில்லி செகண்ட் குறைகிறது. அதைப் பல வருடக் கடப்பு நேரங்களை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள், அதனால் தேதியும் நேரமும் சரியாகக் குறித்த ஒவ்வொரு பதிவுக்கும் மதிப்பு உண்டு.

பொங்கல் விடுமுறையில் மகனையும் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். நீங்கள் வருவீர்கள் என்று என் வீட்டம்மாவும் எதிர்பார்ப்பார். இரவு 9 மணிக்குத் தொடங்கினால் 2 மணி வரை ஆகும், ஸ்வெட்டர் வேண்டும். லேப்டாப்பையும் எடுத்து வாருங்கள். பதிவானதை உங்கள் நிரலிலேயே சமப்படுத்திப் பார்ப்போம். அதற்குள் விண்டோ லெங்த்தை நிமிடத்தில் கொடுக்கும்படி மாற்றி வையுங்கள், புள்ளிக் கணக்கில் வேண்டாம். என் கேமரா 2 நிமிடத்துக்கு ஒன்று எடுக்காது.


பாலாற்றங்கரை:

கண்டிப்பாக வருகிறோம் சார். நிமிடக் கணக்குக்கு மாற்ற இன்றிரவே உட்காருகிறேன்.